நாற்பத்தெட்டு என்று காட்டிய கடிகாரம்

மாரடைப்பு வந்து பிழைத்து எழுந்த பிறகு, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் சாப்பிடுகிறேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி என் கையில் மாட்டிவிட்டார். என்னைவிட அவர்தான் அதை அதிகம் பார்ப்பார்.

ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனோம். ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏட்டி, முழிச்சுக்கோ! நாப்பத்தெட்டுன்னு காட்டுது!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் வாய் திறப்பதற்குள் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

“தலை சுத்துதா? மூச்சு வாங்குதா? மயக்கம் வருதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாத் தூங்கிட்டிருந்தேன், இவுக எழுப்பிட்டாக.”

டாக்டர் சிரித்தார். “அந்த மாத்திரைக்குத் துடிப்பு கொறையத்தான் செய்யும். தூக்கத்துல இன்னும் கொறையும். தலை சுத்துனா ஒடனே வாங்க. நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க.”

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, “பாவம், அவிய பயந்துட்டாக” என்றார். எல்லையில் காவல் நின்ற மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினேன். நூற்றுப்பத்து காட்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் முதல் வேலையாக அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.