ஏகாதசிக்குக் கொடுத்த பேரீச்சை

நைனாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதென்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து, அம்மா கண்கொத்திப் பாம்பாக அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழம், இளநீர், மாம்பழம் கூடாது என்றார்கள். எங்கள் நகரிப் பக்கம் மாம்பழம் இல்லாத வீடா? வந்ததையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளித்தாள்.

"சக்கையத் துன்னச் சொல்ற" என்று நைனா முனகுவார்.

"சக்கையத் துன்னுகினாவது உசுரோட இருந்தா போதும்" என்பாள்.

ஏகாதசி விஷயத்தில் மட்டும் அவளுடைய பேச்சு எடுபடாது. ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லை பிரித்தபோது திருத்தணி மதராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பட்டா என்னாகுமோ என்று பயந்துபோன நைனா, நிலம் கைவிட்டுப் போகாமலிருந்தால் ஆயுசுக்கும் ஏகாதசி இருப்பதாக ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டார். நிலம் தங்கியது. அதிலிருந்து ஏகாதசியன்று அவர் சோற்றைத் தொட்டதில்லை. டயாலிசிஸ் வந்த பிறகும் அப்படித்தான். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வெறும் வயிற்றோடு விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. பழம்தானே கூடாது, பேரீச்சையிலும் உலர்ந்த திராட்சையிலும் நீரே கிடையாதே, தண்ணீரை அளந்து குடிக்கிற மனிதருக்கு இதைவிட நல்லது என்ன இருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். அதையும் காய்க்குச் செய்வதுபோல ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொட்டையை எடுத்துக் கொடுத்தாள். நோயில் விழுந்த பிறகு நைனா ஆசையாகத் தின்றது அது ஒன்றுதான்.

"இதான் வாய்க்கு ருசியா கீது" என்று சிரிப்பார்.

ஒரு துவாதசிக் காலையில் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. கார் பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். மிஷினில் போடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே துன்னல சார். ஏகாதசி. பேரீச்சம்பழமும் திராட்சையும் ஒரு கிண்ணம், அவ்ளோதான்" என்றாள் அம்மா. பத்தியம் காத்தவளின் பெருமை அப்போதும் அவள் குரலில் இருந்தது.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னமே பெட்டுண்டால்ஸிந்தி அம்மா" என்றார். சோறே போட்டிருக்கலாமே!

பிறகு என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பழம் காயும்போது தண்ணீர்தான் போகிறது, பொட்டாசியம் அத்தனையும் உள்ளேயே சுண்டி நிற்கிறது. ஊறவைத்தாலும் போதுமான அளவு இறங்காது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, இதயமே நின்றுவிடும். ஒரு பிடி சோற்றை விட்டுக்கொடுக்காத சாமி என்ன சாமி என்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

திரும்பும் வண்டியில் நைனாவின் தலை அம்மா மடியில் இருந்தது.

"டாக்டர் ஏன் அப்பிடிச் சொன்னாரு? நான் குட்த்ததாலயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நோவு முத்திப்போச்சு" என்றேன்.

நான் எதைச் சொன்னாலும் மறுபடி மறுபடி கேட்காமல் நம்பாத அம்மா, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.