புத்தூர்க் கொட்டகையில் திருப்பி வைத்த அட்டை

திருப்பதிக் கல்யாண மண்டபத்தில் எங்கள் சேவைச் சங்கம் நடத்தும் கண் முகாமில், 'பயம் வேண்டாம்' என்று நோட்டீஸ் அடித்த செயலாளனாகிய நானே, ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ எனப் பயந்தபடி வரிசையில் நிற்கையில், பினாயில் வாசனை என்னைப் புத்தூரில் இருந்த பழைய சங்கத் தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போனது.

என் சின்ன வயதில் அங்கேயும் வருஷா வருஷம் இதே முகாம்தான். கிறீச்சிடும் பெஞ்சு, தெலுங்கில் ஒரு தடவை தமிழில் ஒரு தடவை பெயர் கூப்பிடும் மைக், கண்ணாடி போட்டால் 'சோடாபுட்டி' என்பார்களே என்ற என் பயம். முன்னால் போனவர்கள் சுவர் அட்டையில் வாசித்த எழுத்துகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, என் முறையில் கடகடவென்று ஒப்பித்தேன். அவர்கள் தெலுங்குக்காரர்கள், வாசித்ததும் தெலுங்கு எழுத்து. எனக்காக அட்டையைத் தமிழ்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தால்தானே!

"இன்னாடா, தமிழ் அட்டையப் பாத்து தெலுங்கு படிச்சிக்கினு கீற?" என்று கூட்டி வந்த என் நைனா தலையில் தட்ட, கொட்டகையே சிரித்தது.

கொட்டகையை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள். பழைய புத்தியோ போகவில்லை. இந்தத் தடவை இரண்டு மொழி எழுத்தையும் நெட்டுருப் போட்டு வந்திருந்தேன்.

"அட்டையெல்லாம் இல்ல சார், மெஷின்ல தாடைய வைங்க" என்றாள் கண் பரிசோதிக்கும் பெண்.

"யாரும்மா மெஷின் கேட்டது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான் சார். மெஷின் கேட்ட லெட்டர்ல உங்க கையெழுத்துதானே?"

லெட்டரில் இருந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்ட கையெழுத்து என்று அவளிடம் எப்படிச் சொல்ல? தாடையை வைத்தேன்.