ஆமையின் ஒருசந்தி

பலெர்மோவுக்கு வந்த இரண்டாம் வருடம் நான் ஓர் ஆமையைக் கொன்றேன். கோபத்தில் இல்லை, இரக்கப்பட்டுக் கொன்றேன். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். எண்பது வயது தாண்டிவிட்டது, கை நடுங்கும். மகள் மிலானோவில். பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், பல்கனியில் அந்த ஆமையும்தான். கணவர் இறந்தபிறகு சிஞ்ஞோரா அதிகம் கதைத்தது அதோடுதான்.

நவம்பரில் ஒருநாள், "இனி அதுக்குச் சாப்பாடு இல்லை. மூண்டு கிழமை டிஜூனோ. பிறகு குளிர் முடியுமட்டும் பெட்டியிலை நித்திரைக்கு விடுவம்" என்றார். டிஜூனோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தவக்காலத்தில் சுவாமியார் கோயிலில் சொல்கிற சொல் அது, உபவாசம். அதற்குமேல் குளிர், வயிறு, இதயம் என்று அவர் விளக்கியது ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த இத்தாலியன் சட்டிபானை, மருந்து, பெர்மெஸ்ஸோ என்கிற விசாக் கடதாசி, அவ்வளவுதான்.

ஒரேத்தோ வீதியில் எங்கள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "எங்கடை சிஞ்ஞோரா ஆமையையும் ஒருசந்தி இருக்க வைக்கிறா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒருசந்தி எண்டாலும் ஒரு நேரம் சாப்பிடலாம்தானே. மத்தியானத்திலை குடு."

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கோ அது நியாயமாகப் பட்டது. மன்னாரில் எங்கள் வீட்டில் ஒருசந்தி என்றால் ஒரு நேரச் சாப்பாடு. முழுப்பட்டினி யாரும் கிடந்ததில்லை. சிஞ்ஞோரா மத்தியானம் கண்ணயரும்போது சலாது இலையைக் கொண்டுபோய் நீட்டுவேன். வாயில்லாப் பிராணி, கழுத்தை நீட்டி நீட்டித் தின்றது. பெட்டியில் வைக்கும் நாள்வரை குடுத்தேன். பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பு எனக்கு.

பெப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாள். அன்றைய வெயிலையும் மழையையும் பார்த்துக் குளிர் முடிந்ததா என்று இங்கத்தைய சனம் சொல்லும். தொலைக்காட்சியில் அமெரிக்காக்காரர் கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமை குளிராம்.

"விசர்க் கதை" என்றார் சிஞ்ஞோரா. "அது காலநிலை சொல்ல எழும்புறேல்லை, பொம்பிளை தேடி எழும்புது. வா, எங்கடையைப் பாப்பம்."

மூடியைத் தூக்கியதும் நாற்றம் வந்தது. சிஞ்ஞோரா ஆமையை மடியில் வைத்துக் காலைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். பிறகு எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அந்த நித்திரையில் இதயம் எப்போதாவது ஒருக்கால்தான் அடிக்கும். குளிரில் வயிறு வேலை செய்யாது. உள்ளே சாப்பாடு கிடந்தால் அழுகிவிடும். அதனால்தான் வெறும் வயிறு.

"நீ ஏதும் குடுத்தனியோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

வேலை போனால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது, அதுதான் பொய் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் குளிர் தொடங்கியபோது சிஞ்ஞோரா படுக்கையில் விழுந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். மகள் தொலைபேசியில் அழுதாள். "எப்பிடியாவது ரெண்டு வாய் தீத்தி விடுங்கோ."

சூப்பைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். சிஞ்ஞோரா உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினார்.

"டிஜூனோ" என்றார்.

கரண்டி சரிந்து சூப் போர்வையில் ஊற்றுண்டது. "நான்தான் குடுத்தன், சிஞ்ஞோரா. ஒவ்வொரு நாளும். ஒருசந்தி எண்டு நினைச்சிட்டன்." அந்தச் சொல்லுக்கு இத்தாலியன் வரவில்லை, தமிழிலேயே சொல்லி அழுதேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும். அதன்ரை தொண்டையிலை இலை இருந்தது."

பத்து மாதம். அத்தனை நாளும் நான் வரும் நேரம் பார்த்து, அந்த நடுங்குகிற கையால் எனக்குக் கோப்பி ஊற்றி வைத்தவர்.

"இந்த முறை குடுக்காதை, மகள்" என்றார்.

சூப் கோப்பையைக் குசினியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.