தபால் சிவசாமியின் ஒரே புத்தகம்

வளைவு வந்தால் மட்டும் சிவசாமி தலையைத் தூக்குவார். லொறி ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் இறங்கிவிடுவார். கால் தன்பாட்டுக்கு நடக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து லிந்துலைத் தபால் கந்தோருக்கு நாலு மைல். முதுகில் பூட்டுப் போட்ட தோல்பை, தலையில் கறுப்புக் கம்பளி, கையில் அட்டை கழன்ற புத்தகம். செருப்பில்லாத அந்தப் பாதங்களுக்குச் சாலையின் ஒவ்வொரு கல்லும் பழக்கம்.

தோட்டத்தில் அவருக்குப் பெயர் ‘தபால்’. படிப்பது போகும்போது மட்டுந்தான். திரும்பும்போது புத்தகம் இடுப்புத் துண்டுக்குள் போய்விடும். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“போறப்ப பையில இருக்கிறது தொரை காயிதமுங்க. அது இங்கிலீசு, நமக்கு ஒரு தொந்தரவும் இல்ல. வாறப்ப நம்ம சனங்களோட ஊர்க் காயிதம் இருக்கும். யாரு செத்தாங்க, யாருக்குப் புள்ள பொறந்துச்சுன்னு அம்புட்டும் முதுகுல கெடக்கும். அத வச்சுக்கிட்டு ராசா கதை படிக்க மனசு வருமாங்க?”

ராஜா கதைதான். ‘அமரகேசன் வனம் புகுந்த சரித்திரம்’ என்ற வசன நூல். பத்தொன்பது வயதில் அட்டன் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. தை பிறந்தால் தொடங்குவார்; ஆனி மழை இறங்குவதற்குள் முடிப்பார். வேறு புத்தகம் எதையும் அவர் படித்ததில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு, மறுநாளே மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார்.

ஒரே கதையில் வருடா வருடம் என்ன இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். அதைத் தீர்க்க அவர் தன் கதையையே சொன்னார்.

வாங்கிய புதிதில் போர்க்களப் பக்கங்கள் மேல்தான் உயிராய் இருந்தாராம். அந்தத் தாள்களின் மூலை இன்றும் மடிந்திருக்கிறது. பிறகு கல்யாணம். ஐந்தாம் முறை படித்தபோது போரெல்லாம் சலித்து, ராஜா முடியைக் கழற்றி வைக்கும் இடம் பிடித்துக்கொண்டது. அதைப் படித்த வாரத்திலேயே, நாற்பத்தொன்பதாம் வருடம் மாசியில், தபால்பையைக் கந்தோரில் ஒப்படைத்துவிட்டு அப்படியே கதிர்காமத்துக்கு நடந்துவிட்டார். வீட்டில் மனைவி காளியாயி. மடியில் நாலு மாதப் பெண் குழந்தை. அதற்குக் கக்குவான் இருமல்.

மூன்று மாதம் கோயில் வீதியைக் கூட்டினார். காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பினார். லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது காளியாயி நிமிர்ந்து பார்த்தார். “கஞ்சி இருக்கு” என்றார். அவ்வளவுதான். எங்கே போனாய், ஏன் போனாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

“திட்டியிருந்தா தேவலைங்க” என்றார் சிவசாமி.

மூன்று வருடம் புத்தகத்தைத் தொடவில்லை. தபால் வேலை திரும்பக் கிடைத்த பிறகு ஒரு தை மாதம் எடுத்தார். ராஜா காட்டுக்குக் கிளம்பும் பக்கம் வந்தது. அதன் அடியில் ஒரு வரி: ‘அரசி வாயிலில் நின்றாள்.’

சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“அஞ்சு தடவ படிச்சவன் நானு. அஞ்சு தடவையும் இந்த வரி எங்கிட்டுப் போயிருந்துச்சு? புஸ்தகம் மாறலீங்க. அச்சுல போட்டது போட்டபடிதான் கெடக்கு. காட்டுல ஒரு முனிவர் ராசாவப் பாத்து, ‘எல்லாவற்றையும் விட்டு வந்தாயா?’ன்னு கேப்பாரு. முந்தி அது ராசாவ மெச்சுறாருன்னு நெனச்சேன். இப்பப் படிச்சா வையிற மாதிரியில்ல கேக்குது!”

மாரியம்மன் கோயிலில் அவர் வேண்டுதலும் மாறியிருக்கிறது. முன்பு, தனக்கு ஒரு வழி காட்டு என்று கேட்பாராம். “இப்ப, பையில இருக்கிற காயிதம் நனையாமப் போய்ச் சேரணும் ஆத்தான்னு மட்டும் கேக்குறேன்” என்றார்.

அந்த வரியைக் கண்ட பிறகும், மனைவியிடம் வாய் திறக்க அவருக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. போன வருடந்தான் கேட்டாராம்: “அன்னிக்கி நான் வரல்லேன்னு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தியா, காளியாயி?”

காளியாயி கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாராம்: “நிக்க எங்கங்க நேரம்? விடிஞ்சா பெரட்டுக் களத்துல பேரு கூப்புடுவாங்க. புள்ளைய பிள்ளைக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்கு ஓடினேன். அது இருமுற சத்தம் மலை வரைக்கும் கேக்குற மாதிரியே இருந்துச்சு. நின்னா யாரு பேரு போட்டுக் கூலி தருவா?”

இதைச் சொல்லிவிட்டுச் சிவசாமி கம்பளி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். இருமிப் பிழைத்த அந்தப் பெண் சரோஜினிக்கு இப்போது பதினான்கு வயது. பாலில்லாத சாயத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். சிவசாமி அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். ‘அரசி வாயிலில் நின்றாள்’ என்ற அச்சு வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில், பள்ளிப் பிள்ளையின் எழுத்தைப் போலப் பெரிதாக: ‘நிற்கவில்லை. வேலைக்குப் போனாள்.’

“எழுதுனவரு பெரியவருதான். ஆனா அவருக்கு இது தெரிஞ்சிருக்காதுங்க” என்றார், மன்னிப்புக் கேட்பவர் போல.

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த காளியாயி தலையைத் திருப்பாமலே பேசினார்.

“வாத்தியாரய்யா, இவரு இருபது வருசமா இதைப் படிக்கிறாரே. அந்த ராசாவுக்குக் காட்டுல சோறு ஆக்கிப் போட்டது யாருன்னு அதுல இருக்குங்களா?”

சிவசாமியைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டத் தொடங்கினார்.