மாமா அண்ணாந்து பார்த்து அடித்த பாஸ்வேர்டு

மாமா பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் அண்ணாந்து பார்ப்பார். முதலில் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார். ஓர் எழுத்தை அடிப்பார், தலை நிமிரும், கீழே வரும், அடுத்த எழுத்து. இப்படி எட்டு முறை. கோழி தண்ணீர் குடிக்குது என்று நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கேலி செய்வார்கள். எடுத்த படங்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வேலை ஒன்பது வருடமாக அவருடையது. ஒரு படம்கூட ஆள் மாறிப் போனதில்லை.

அந்தப் படங்கள் போகிற சர்வரில் ஓட்டை இருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை தெரிய வந்தது. எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலையும் வெளியாள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர்காரர் ஓட்டையை அடைத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு, பட்டியலிலிருந்து இரண்டு வரிகளை அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தார். பட்டியலில் பாஸ்வேர்டு அப்படியே இருக்காது. உருத்தெரியாமல் கலைத்த நீள வரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரே வரிதான் வரும். மாமாவின் வரியும் ரிசப்ஷன் அக்காவின் வரியும் ஒன்றாக இருந்தன.

பாஸ்வேர்டைப் பகிர்ந்தவர்களை அந்த வேலையில் வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிகளின் நிபந்தனை. முதலாளி இருவரையும் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பாஸ்வேர்டு என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், யார் யாரிடம் சொன்னீர்கள் என்பது தெரிந்தால் போதும் என்றார்.

"என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல சார்," என்றார் மாமா.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இவர்கிட்ட குட் மார்னிங் தவிர எதுவுமே சொன்னதில்ல சார்."

மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்று என்னிடம் கேட்டார். உளறினாலும் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். வீட்டில் சொன்னது இன்னும் வினையாயிற்று. அத்தை காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"அதைத்தான்டி நானும் கேக்கறேன்."

மூன்றாம் நாள் மாமா தானாகவே முதலாளியிடம் போய், தப்பு தன்னுடையதாகவே இருக்கட்டும், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றார். என்ன தப்பு என்று கேட்டதற்கு, அதுதான் தெரியவில்லை என்றாராம். அவரைப் படங்களுக்கு உறை போடும் மேசைக்கு மாற்றினார்கள். அவர் நாற்காலி எனக்கு வந்தது.

உட்கார்ந்த அன்றே மாமாவைப் போல அண்ணாந்து பார்த்தேன். எதிர்ச்சுவரில் தீயணைப்பு சிலிண்டர். அதன் தகட்டில் எழுத்தும் எண்ணுமாக எட்டு. அக்காவின் மேசையிலிருந்தும் அது பளிச்சென்று தெரியும்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த உறையை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டா பாத்துக்கலாம்னு வெச்சேன்டா. மத்தவங்களுக்கும் கண்ணு இருக்கும்னு தோணல."

முதலாளியிடம் சொல்லலாம் என்றேன். சுவரில் இருந்ததைத்தான் ஒன்பது வருடமாகக் காப்பாற்றினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று மறுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர்காரர் வேலையை விட்டுப் போகிற அன்றுதான் எனக்கு மிச்சம் தெரிந்தது. பட்டியலில் ஒன்றாக இருந்த வரிகள் இரண்டல்ல, மூன்று. மூன்றாவது முதலாளியுடையது; அச்செடுக்கும்போது அதை மட்டும் விட்டுவிட்டாராம்.