விருந்தாளியைப் பதியவும்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் தற்காலிக உதவியாளர். எனக்கு மேலே ஒரு மூத்த ஆசிரியர். வலையமைப்புப் பாடத்துக்கு நிரந்தரமாக எங்களில் ஒருவரை எடுக்கப்போகிறார்கள், பரிசோதகர் வந்து எங்கள் இருவரையும் பார்ப்பார் என்று சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்திதான்.

சண்டைக் காலம். பாதை பூட்டினால் சாமான் வராது. ஒழுங்காக ஓடுகிற கணினி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினியை உண்டாக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைத்துப் பாடம் நடத்தலாம் என்றேன்.

"உதெல்லாம் ஏலாது பிள்ளை, விசர்க்கதை கதையாதையும்" என்றார் அவர்.

மூன்று கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். வெளிக் கணினிக்கு 'வீட்டுக்காரர்' என்றும் உள்ளே ஓடுவதற்கு 'விருந்தாளி' என்றும் பெயர் வைத்தேன். இரண்டுக்கும் முகவரி கொடுத்த பிறகும் விருந்தாளி கூப்பிட்டால் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரருடைய ஃபயர்வோல், அதாவது தெரியாத ஆளை உள்ளே விடாத காவல் மென்பொருள், மறித்துக்கொண்டிருந்தது. அதில் விருந்தாளியின் முகவரியை அனுமதித்ததும் பதில் வந்தது. செய்ததையெல்லாம் கொப்பியில் வரிவரியாக எழுதினேன். ஏழாவது வரி: 'விருந்தாளியைப் பதியவும்.' வெளியூர் ஆள் வீட்டில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. ஃபயர்வோலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

கொப்பியை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதுதான் நான் விட்ட பிழை. பரிசோதகர் வந்த அன்று எங்கள் மூத்த ஆசிரியர் முதல் ஆளாக எழும்பி, "இது என்ர சொந்த யோசனை சேர்" என்றார். அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். என்னுடைய வரிகள் அத்தனையும் இருந்தன, ஏழாவதைத் தவிர. உடனே விளங்கிவிட்டது. திரியாயிலிருந்து சித்தி வந்து எங்கள் லிங்கநகர் வீட்டில் நிற்பது அவருக்குத் தெரியும். சித்தியைப் பதியப் போக வேண்டுமென்று எனக்கு நானே எழுதிவைத்ததாக நினைத்து அந்த வரியை விட்டிருக்கிறார்.

பரிசோதகர் பழைய அமைப்பையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்து காட்டச் சொன்னார். ஆசிரியர் தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். விருந்தாளியிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கிற 'பிங்' கட்டளையை அடித்தார். பதில் இல்லை என்று திரையில் நாலு வரி. திரும்ப அடித்தார், திரும்ப நாலு வரி. சட்டை நனைந்துவிட்டது. என் பக்கம் திரும்பிக் கண்ணால் கெஞ்சினார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், சொல்லியிருக்கலாம். நான் யன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதிரையில் அவ்வளவு சுகமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

"நீங்கள் வந்து செய்யுங்கோ" என்று பரிசோதகர் என்னைக் கூப்பிட்டார். ஃபயர்வோலில் விருந்தாளியைப் பதிந்துவிட்டு அடித்தேன், முதல் பிங்குக்கே பதில் வந்தது.

வேலைக் கடிதம் என் கைக்குக் கிடைத்த அன்று அவர் வாசலில் என்னை மறித்தார்.

"பதியிறது எண்டால் என்னெண்டு அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"ஓம் சேர். கொப்பியை என்னட்டைக் கேட்டு வாங்கியிருந்தால் சொல்லியிருப்பன்" என்றேன்.