சண்டை போட முடியாத ஆள்

பட்டாபிராமில் எங்கள் வீட்டு கார் ஷெட்டிலேயே மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கத் தொடங்கினேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் வாழ்த்து குவிந்தது. பக்கத்து வீட்டு அக்கா கேசரி கொடுத்தனுப்பினார். அடுத்த மாதமே ஆவடியிலிருந்து யாரோ ஒரு ஆள் வந்து அந்த அக்கா வீட்டில் கிச்சன் கப்போர்டு மாட்டினார். பொறுக்காமல் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்ச புள்ளகிட்ட குட்த்தா, வேல சரியில்லனா எப்டிப்பா சண்ட போடறது?" என்றார்.

சரி, தெரியாதவர்களிடமே போவோம் என்று நெமிலிச்சேரியில் நோட்டீஸ் கொடுத்தால், "உங்க தெருவுல யார் ஊட்டுக்கு செஞ்சிகீறீங்க?" என்றார்கள்.

பிறகொரு நாள் அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கப்போர்டு கதவு சாத்தவே மாட்டேங்குது. அந்தாள வரச் சொல்லிகீறேன். நீயும் வந்து நில்லுப்பா, வேல தெரிஞ்சவன்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போவதா, வெறுங்கையோடு போவதா என்று புரியாமல் ஷெட்டிலேயே நின்றேன்.